தவிலை வைத்து எடுத்த அளவு

அன்று மேடைக்கு முன்னால் நாங்கள் மூன்று பேர் நின்றோம். நான், எங்கள் பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர், துணியில் படம் அச்சடிக்கிற ஒடிசாக்காரர். நாலாவதாக நின்றிருக்க வேண்டியவர் ஓவர்லாக் மெஷினில் தைக்கிற அக்கா, அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான், ஆனாலும் செவ்வாயன்று சரக்கு துறைமுகத்துக்குக் கிளம்பியாக வேண்டும் என்று எல்லோரையும் வரச் சொல்லிவிட்டார்கள். மாஸ்டரும் ஒடிசாக்காரரும் லீவு சொல்லிவிட்டார்கள். அக்காவால் சொல்ல முடியவில்லை. அவர் உட்காரவில்லை என்றால் அவருக்குப் பின்னால் வரிசையில் இருக்கிற மெஷின்கள் எல்லாம் சும்மா நிற்கும்.

ஆனால் மேடையேறப் போகிற ஐந்து பேர் உடம்பிலும் இருந்தது அக்கா தைத்த டீ-சர்ட். அக்காவுக்குச் சங்கரன்கோவில் பக்கம். என்னிடம் அவர் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்.

"பாட்ட நான் போன்ல கேட்டுக்கிடுதேன் தம்பி. அவங்க அதக் கடைசி வரைக்கும் கழட்டாமப் போட்டிருக்காங்களான்னு மட்டும் பாத்துட்டு வா."

எங்களுக்கும் அதே கவலைதான். மாஸ்டருக்கு எல்லோரையும்விட அதிகம். பொன்னாடை மாதிரி ஆகிவிடக் கூடாது என்று அவர் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பொன்னாடையை எல்லோர் முன்னாலும் போர்த்துவார்கள், கைதட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள், அடுத்த நிமிடம் அது மடித்து நாற்காலியின் முதுகில் கிடக்கும். "போட்டாப் போட்டபடி பாடோணும் கண்ணு. இருவத்திரண்டு வருசமா வெட்டறேன். நான் வெட்டுன துணிய ஒரு மனுசன் போட்டு நடந்து நான் பாத்ததில்ல" என்றார். எங்கள் கம்பெனியில் வெட்டுவது எல்லாம் பெட்டியில் ஏறிக் கப்பலுக்குப் போகிறது. யார் போடுகிறார்கள், குட்டையா நெட்டையா, தெரியாது. அவர் அதைச் சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது. நான் அந்தக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர்களோடு மெயிலில் பேசி ஆர்டர் முடிப்பவன். நானும் பார்த்ததில்லை.

அந்த இசைக் குழுவை நான் முதலில் பார்த்தது கோயம்புத்தூரில், காலேஜ் இரண்டாம் வருடத்தில். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு வரை போனவனே நான் ஒருவன்தான். அப்பா தறி ஓட்டினார். அம்மா பனியன் கம்பெனியில் கைமடி, அதாவது தைக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து துண்டுகளை எடுத்து மடித்துக் கொடுக்கிற வேலை. காலேஜில் யாராவது "அப்பா என்ன பண்றார்" என்று கேட்டால் "டெக்ஸ்டைல்ஸ்" என்பேன். பொய் இல்லை. கேட்பவர் மனதில் எழுகிற படம்தான் பொய்.

காலேஜ் விழாவில் அந்தக் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். மேடையின் ஒரு பக்கம் எலக்ட்ரிக் கிதாரும் பேஸ் கிதாரும் டிரம்ஸும். மறுபக்கம் தரையில் விரித்த கம்பளத்தில் ஒரு தவில். நடுவில் பாடகி, இடுப்பில் பறை. எனக்கு முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. எங்கள் தெருவில் பறைச் சத்தம் கேட்டால் யார் போனது என்றுதான் கேட்போம். அதைக் காலேஜ் மேடையில், அந்தப் பிள்ளைகள் நடுவில் கேட்கக் காது கூசியது. பாடகி கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு பெண்ணைப் பற்றிப் பாட ஆரம்பித்தார். ஷிப்ட் முடிந்து, செருப்பு அறுந்து, நடந்தே வீட்டுக்குப் போகிறாள். வேறு கதை ஒன்றும் இல்லை. முதல் அடிக்குப் பறை மட்டும். இரண்டாம் அடிக்கு பேஸ் கிதார் சேர்ந்தது. அந்தச் சத்தம் காதில் அல்ல, விலாவில் விழுந்தது. மூன்றாம் அடியில் தவில்காரர், கைவிரல்களில் மாட்டியிருந்த கூடுகளால் ஒரு தட்டுத் தட்டினார். கிதார்க்காரர் அதையே கம்பியில் திருப்பிச் சொன்னார். தவில்காரர் சிரித்துக்கொண்டே இன்னும் கடினமாக ஒன்றைச் சொன்னார். கிதார்க்காரர் தலையை ஆட்டி, முடியாது என்று கும்பிட்டார். என் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து ஆடினார்கள். நான் ஆடவில்லை, நின்றேன். அம்மா செருப்பு அறுந்து நடந்து வந்த நாட்கள் எனக்குத் தெரியும். அதற்கு இப்படி ஒரு தாளம் இருக்கிறது என்பது தெரியாது.

மறுவாரம் ஒருவன் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டபோது தறி ஓட்டுகிறார் என்றேன். அவன் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டான். அவ்வளவுதான் அது.

அதன் பிறகு அவர்களை எங்கே கேட்டாலும் போனேன். பொள்ளாச்சி, சேலம், ஈரோடு, முன்பதிவு இல்லாத பெட்டியில் இரண்டு முறை சென்னை. ஏழு வருடத்தில் பதினோரு முறை. ஒரே பாட்டை அவர்கள் இரண்டு ஊரில் ஒரே வேகத்தில் வாசித்து நான் கேட்டதில்லை. சேலத்தில் மைக் ஒன்று செத்துப்போனபோது பாடகி இறங்கி வந்து கூட்டத்தின் நடுவில் நின்று பாடினார். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று இன்னொரு முறை அங்கே போய் நின்று அதே பாட்டை முதலில் இருந்து பாடினார். காசு கொடுத்தவனுக்குக் கேட்க வேண்டும் என்கிற அந்த நேர்மையை நான் வேறு எங்கும் அதிகம் பார்த்ததில்லை.

மாஸ்டரை ரசிகராகக் கண்டுபிடித்தது ஈரோட்டில். எனக்கு முன்வரிசையில், கையில் டிபன் கேரியர் பையோடு, தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிடரியைப் பார்த்தே தெரிந்தது. கம்பெனியில் அவர் பேச்சு அதிகம் இல்லாதவர், எனக்கு அவரிடம் கொஞ்சம் பயம். பார்க்காத மாதிரி நகர்ந்துவிடலாம் என்று திரும்பினேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க மாஸ்டர், நீங்க இங்க..."

"காங்கேயத்துல ஒரு எழவுன்னு சொல்லிப்போட்டு வந்தேன் கண்ணு. ஊட்லயும் அதுதான் சொல்லியிருக்கறேன். நீ என்ன சொல்லீட்டு வந்த?"

நான் பல்வலி என்று சொல்லியிருந்தேன். அதன் பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். கொஞ்ச நாளில் ஒடிசாக்காரரும் சேர்ந்துகொண்டார். தமிழ்ப் பாட்டு அவருக்குப் பாதிக்குமேல் புரியாது. தவிலைப் பார்ப்பதற்காகவே வருவார்.

இந்த வருடம் கோடையில் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு மைதானத்தில் அவர்கள் பாடுகிறார்கள் என்று தெரிந்தது. திருப்பூருக்கு அவர்கள் வருவது அதுதான் முதல் முறை. ஊருக்கு வருகிறவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டாமா என்று கேட்டது மாஸ்டர்தான். என்ன செய்வது என்று யாரும் கேட்கவே இல்லை. எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதானே. குழுவின் மேனேஜருக்கு நான் போன் செய்தேன். இதற்கு முன்னால் நிறையப் பேர் நிறையக் கொடுத்திருப்பார்கள் போல, அவர் குரலில் அது தெரிந்தது. அளவு பொருந்தினால் போட்டுக்கொள்ளச் சொல்கிறேன், பொருந்தவில்லை என்றால் வருத்தப்படக் கூடாது என்றார். அளவு கேட்டேன். அனுப்புகிறேன் என்றார், அனுப்பவில்லை.

மாஸ்டர் அசரவில்லை. "ஒரு வீடியோவப் போடு கண்ணு" என்றார். தவில்காரர் வாசிக்கிற இடத்தில் நிறுத்தச் சொல்லி, போன் திரையின் மேல் டேப்பை வைத்தார். தவில் திரையில் இவ்வளவு, ஆளின் தோள் இவ்வளவு. நிஜத் தவில் எவ்வளவு நீளம் என்று தெரிந்தால் தோளைக் கணக்குப் போட்டுவிடலாம். மறுநாள் காலை வேலைக்கு வரும் வழியில் ஒரு கோயிலில் நிறுத்தி, பூஜைக்கு வந்திருந்த தவில்காரரிடம் கும்பிட்டுக் கேட்டு, அவருடைய தவிலை அளந்துகொண்டு வந்தார். அந்த மனுசர் சந்தேகமாகப் பார்த்தாராம். பாடகியின் அளவைப் பறையின் விட்டத்தை வைத்து எடுத்தார். கிதார்க்காரருக்குக் கிதார். ஒரு ஏ-ஃபோர் தாளில் ஐந்து பேர், ஐந்து வாத்தியம், ஐந்து தோள். மேடைக்குப் பின்னால் அவர்கள் போட்டுப் பார்த்தபோது ஒரு டீ-சர்ட்கூட அரை இஞ்ச் மாறவில்லை. மேனேஜர் யார் அளவு கொடுத்தது என்று ஐந்து பேரையும் கேட்டார்.

தப்பு நடந்தது அளவில் இல்லை, துணியில். அது என் தப்பு.

எங்கள் முதலாளி மீந்த துணியில் இருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார், எடைக்கு உண்டான காசைக் கொடுத்தால் போதும் என்றார். இரண்டு துணி இருந்தது. ஒன்று மெல்லிசு, ஒரு சதுர மீட்டர் நூற்றைம்பது கிராம். இன்னொன்று இருநூற்றெண்பது கிராம், பனி கொட்டுகிற ஊர் ஒன்றுக்குப் போன ஆர்டரில் மீந்தது. எங்கள் ஊரில் துணியை முதலில் பார்ப்பது கண் அல்ல, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். கசக்கிப் பார்த்துக் கனமாக இருந்தால் நல்ல துணி. கனம் ஏற ஏற விலை ஏறும், விலை ஏற ஏற மரியாதை ஏறும். நான் இருநூற்றெண்பதைத் தொட்டேன். மாஸ்டரும் தொட்டார். "இதுதான்" என்றார். அக்கா கழுத்துக்கும் தோளுக்கும் உள்ளே பட்டி வைத்து இரட்டைத் தையல் போட்டார். ஒடிசாக்காரர் தன் பங்குக்கு நெஞ்சு முழுவதும் பறையும் குச்சியும் ரப்பர் பிரிண்டில், ஒன்றுக்கு இரண்டு கோட்டிங்காக இழுத்தார். ஆளாளுக்கு எங்களிடம் இருந்ததில் உசத்தியானதைக் கொடுத்தோம். எங்களில் ஒருவர்கூட டீ-சர்ட் போடுகிறவர் இல்லை. மாஸ்டர் முழுக்கைச் சட்டை. நான் ஆபீசுக்குப் போகிறவன் என்று காலர் வைத்த சட்டை. தவில்காரரைக் கையில்லாத மெல்லிய பனியனில் பதினோரு முறை பார்த்தவன் நான். பார்த்ததை யோசிக்கவில்லை.

ஆறு மணிக்கு ஆரம்பித்தார்கள். வெயில் இறங்கியிருந்தது, தரை இன்னும் சூடாகத்தான் இருந்தது. ஐந்து பேரும் கருஞ்சிவப்பு டீ-சர்ட்டில் வரிசையாக வந்து நின்றபோது மாஸ்டர் கைதட்டவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். பாடகி பறையைத் தூக்கினார், கைப்பகுதி தோளில் இழுக்காமல் கூடவே எழுந்தது. மாஸ்டர் என் முழங்கையைப் பிடித்து "கை ஏறுது பாத்தியா, கை ஏறுது பாத்தியா" என்றார். முதல் பாட்டில் அவர் பாட்டைக் கேட்டாரா என்பதே சந்தேகம். கூட்டம் பெரிது. பாதிப் பேர் நேராக ஷிப்டில் இருந்து வந்தவர்கள், தலையில் பஞ்சுத் தூசி. செருப்பு அறுந்த பெண்ணின் பாட்டை ஆரம்பித்ததும் கூட்டம் சத்தம் போடவில்லை. அடங்கியது. அந்தப் பாட்டுக்கு அப்படி ஒரு அமைதியை வேறு எந்த ஊரிலும் நான் பார்க்கவில்லை. பாடகியும் அதைக் கவனித்திருக்க வேண்டும், கடைசி அடியை வழக்கத்தைவிட மெதுவாக, பேச்சு மாதிரிப் பாடி முடித்தார்.

மூன்றாவது பாட்டில் ஒடிசாக்காரர் மாஸ்டரின் காதில் சொன்னார். "கப்டா மோட்டா ஹை, மாஸ்டர்." துணி தடிமன்.

பார்த்தோம். தவில்காரரின் டீ-சர்ட் கருஞ்சிவப்பில் இருந்து கறுப்பாகியிருந்தது. வேர்வை உள்ளே ஊறி வெளியே போக வழி இல்லாமல் நின்றது. நெஞ்சில் ரப்பர் பிரிண்ட் மட்டும் காய்ந்து பளபளத்தது. நனைந்த அந்தத் துணி அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். தவில் வாசிக்கிறவருக்குத் தோளும் முதுகும்தான் உயிர். அவர் இரண்டு முறை கழுத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். நாலாவது பாட்டில் கிதாருக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் பாதியோடு நிறுத்தினார். ஏழு வருடத்தில் அவர் அப்படி நிறுத்தி நான் பார்த்ததில்லை. பாட்டு முடிந்ததும் எழுந்து பின்னால் போனார். பாடகி என்ன ஏது என்று காட்டிக்கொள்ளாமல், வாத்தியம் இல்லாமல் ஒரு தாலாட்டைத் தனியாக எடுத்தார்.

மாஸ்டர் பின்பக்கம் ஓடினார். அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன். நானும் பின்னாலேயே போனேன்.

தவில்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார். மடியில் அவருடைய பழைய பனியன். எங்களைப் பார்த்ததும் அதைக் கொஞ்சம் மறைத்தார். அந்த நேரத்திலும் எங்கள் மனது கோணக் கூடாது என்று அந்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறது.

"துணி அருமையான துணி தம்பி," என்றார் என்னிடம். "ஊட்டிக்குப் போட்டுக்கிட்டுப் போனா ராஜா மாதிரி இருக்கலாம்."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். மாஸ்டர் என் கையில் வண்டிச் சாவியைக் கொடுத்து, டிக்கியில் கத்தரி இருக்கிறது, கொண்டு வா என்றார். தன் கத்தரியை அவர் கம்பெனியில் வைத்துவிட்டு வருவதில்லை. யாராவது பேப்பர் வெட்டி முனையைக் கெடுத்துவிடுவார்கள் என்று ஊருக்குப் போனாலும் கூடவே கொண்டுபோவார். நான் எடுத்து வந்தபோது மாஸ்டர் தவில்காரரின் தோள் தையலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழட்ட வேண்டாமுங்க சாமி," என்றார் மாஸ்டர். "கையத் தூக்குங்க. வெட்டிக்கட்டுங்களா?"

தவில்காரர் இரண்டு கையையும் தூக்கினார். மாஸ்டர் தோள் தையலை ஒட்டி டீ-சர்ட்டின் இடக் கையை வெட்டி எடுத்தார். பிறகு வலக் கை. ஆள் உடம்பின் மேல் அவர் கத்தரி வைப்பது அதுதான் முதல் தடவை. ஐம்பது அடுக்குத் துணியைக் கண் சிமிட்டாமல் வெட்டுகிறவர், இடது கையைத் துணிக்கும் தோலுக்கும் நடுவில் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினார். கழுத்துப் பட்டியை எடுத்தார். அக்குளில் இருந்து இடுப்பு வரை இரண்டு பக்கமும் திறந்துவிட்டார். முதுகில் பெரிய அரைவட்டமாக ஒன்று. பிரிண்ட் இருந்த நெஞ்சைத் தொடவில்லை. தவில்காரர் தோளைச் சுழற்றிப் பார்த்தார், நீளமாக மூச்சு விட்டார். மடியில் இருந்த பனியனைப் பைக்குள் போட்டுவிட்டுப் படியேறினார்.

அவரைப் பார்த்த கிதார்க்காரர் அடுத்த பாட்டு முடிந்ததும் இறங்கி வந்து கையைத் தூக்கினார். பிறகு பேஸ்காரர், டிரம்ஸ்காரர். பாடகி தனக்குக் கை மட்டும் போதும் என்றார். வெட்டிய கைத் துண்டு ஒன்றை எடுத்துத் தலைமுடியைக் கட்டிக்கொண்டு போனார். கூட்டம் இதையெல்லாம் மேடை அலங்காரம் என்றே நினைத்தது. நான் முன்பக்கம் திரும்பி வந்தபோது என் பக்கத்தில் நின்ற பையன்கள் அப்படி ஒரு டீ-சர்ட் எங்கே கிடைக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

அதன் பிறகு தவில்காரர் வாசித்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. விட்ட பதிலை அவர் மறக்கவில்லை. நாலாவது பாட்டை மறுபடி எடுக்கச் சொல்லி, நிறுத்திய இடத்தில் இருந்து ஆரம்பித்தார். பத்து நிமிடம் இருக்கும். மெஷின் ஓடுகிற மாதிரி சீராகப் போகும், சட்டென்று நூல் அறுந்த மாதிரி ஒரு இடத்தில் நிற்கும், நாங்கள் மூச்சு விடுவதற்குள் வேறு ஒரு கணக்கில் வந்து சேரும். கிதார்க்காரர் கிதாரைத் தோளில் இருந்து இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து கேட்டார். ஒடிசாக்காரர் அழுதார். மாஸ்டர் இப்போது டீ-சர்ட்டைப் பார்க்கவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஈரோட்டில் நின்ற மாதிரியே நின்றார்.

ஐந்து பேரும் அதே டீ-சர்ட்டோடுதான் கும்பிட்டு இறங்கினார்கள்.

திங்கள்கிழமை டீ நேரத்தில் அக்கா என் போனை வாங்கி வீடியோவைப் பார்த்தார். சத்தத்தைக் குறைத்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கித் தோளைப் பார்த்தார்.

"கை எங்க?"

மாஸ்டர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அக்கா முழுவதும் கேட்டார்.

"பத்துக் கை. ஒவ்வொண்ணா வச்சுத் தச்சேன்லா. முதல்லயே கை வேண்டாம்னு சொல்லித் தொலைச்சிருந்தா சீக்கிரம் ஊட்டுக்குப் போயிருப்பேன்." எங்கள் ஊருக்கு வந்து பன்னிரண்டு வருடத்தில் வீடு அவருக்கும் ஊடு ஆகிவிட்டது. பிறகு போனை மறுபடி வாங்கினார். "வெட்டத்தான செஞ்சாரு, அவங்க கழட்டலல்லா?"

"கழட்டலீங்க அக்கா."

"பின்ன என்ன" என்றார். இன்னும் இரண்டு முறை பார்த்தார், இந்த முறை சத்தத்தோடு.

அந்த வாரமே தவில்காரர் எனக்குப் போன் செய்தார், மேனேஜர் மூலமாக இல்லை, அவரே. அதே அளவில், கையில்லாமல், மெல்லிய துணியில் கிடைக்குமா, காசு கொடுத்துவிடுகிறோம் என்று கேட்டார். காசைப் பற்றிப் பேசினால் மாஸ்டர் வருத்தப்படுவார் என்று சொன்னேன். நூற்றைம்பது கிராமில் ஐந்து வெட்டி, பட்டி இல்லாமல் தைத்து, பிரிண்டைச் சின்னதாக முதுகில் போட்டுப் பார்சலில் அனுப்பினோம். அதற்கு முன்னால் மாஸ்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு கட்டிங் டேபிளைச் சுற்றிக் கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தார். அக்காதான் ஓடச் சொன்னது.

அனுப்பிய அன்று அக்கா கணக்குக் கேட்டார். தைக்கிறவர்களும் வெட்டுகிறவர்களும் எங்கள் ஊரில் எதையும் ரூபாயில் சொல்வதில்லை. பகல் முழுவதும் வேலை ஒரு ஷிப்ட், இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை. பிள்ளையின் ஸ்கூல் பீஸும் ஷிப்ட்தான், ஆஸ்பத்திரிச் செலவும் ஷிப்ட்தான். மாஸ்டருக்கு வெட்டிய சாயங்காலம் அரையும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றரையும் போனது. ஒடிசாக்காரருக்கும் அதே இரண்டு. அக்காவுக்கு இரண்டு சாயங்காலம், ஒன்று. எனக்கு மாதச் சம்பளம், ஷிப்ட் போகவில்லை. துணிக்கும் டிக்கெட்டுக்கும் பிரிண்டுக்கும் நான் கொடுத்ததை அக்கா தன் கூலியால் வகுத்து இரண்டு என்று வைத்தார். இரண்டாவது தடவை அனுப்பியதற்கு மாஸ்டருக்கு அரை, அக்காவுக்கு அரை, ஒடிசாக்காரருக்குக் கால், துணியும் பார்சலும் ஒன்று. டீக்கடை பெஞ்சில் விரல் விட்டு எண்ணினோம். ஒன்பதே கால் ஷிப்ட்.